மாஸ்டர், நீங்க கீழ விழ மாட்டீங்க, அதான் என் பயமே

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 44, ராயபுரம். ஒரு காலத்துல 75 கிலோ பிரிவுல ரெண்டு வாட்டி ஸ்டேட் கோல்டு அடிச்சவன், இப்ப வெயிட் 79. பகல்ல ஹார்பர்ல கான்ட்ராக்ட் வேல, சாயந்தரம் ஏரியா பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லித் தரேன். இங்க ஒரு கமிட்டிக்காரங்க ஷோ வைக்கிறாங்க, பழைய சாம்பியனும் புதுப் பையனும் மோதுற மாதிரி. பையனுக்கு 28 வயசு, 98 கிலோ, இன்ஸ்டால ஃபேமஸ். மூணு நிமிஷம், ஆறு ரவுண்டு, ஒன்றரை லட்சம் தரேன்றாங்க. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். வீட்ல இன்னும் சொல்லல. நான் ஃபிட்டாதான் இருக்கேன், பிபி சுகர் நார்மல், தெனம் அஞ்சு கிலோமீட்டர் ஓடுறேன். போன தீபாவளி டைம்ல ஸ்பாரிங்ல, ப்ராக்டிஸ் சண்டைலதான், ஒண்ணு வாங்கினேன், மூணு நாள் தலைவலி இருந்துச்சு, நாலாம் நாள் திரும்ப கிளவுஸ் மாட்டிட்டேன், ஒண்ணும் ஆகல. ரெண்டு மாசம் டைம் இருக்கு. எத்தன கிலோ ஏத்தலாம், ப்ரோட்டீன் எவ்ளோ எடுக்கலாம்? ஃபோர்மேன் 45 வயசுல ஜெயிச்சார், டைசன் 58ல ஏறினார், நான் ஏறக் கூடாதா?

பதில்:

வணக்கம் மாஸ்டர். ப்ரோட்டீன் கேள்விய மொதல்ல முடிச்சிடுறேன், அதுதான் இருக்கறதுலயே ஈஸி. உங்க வெயிட்டுக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் கிட்ட போதும், முட்ட மீன் சுண்டல்லயே முக்கால்வாசி வந்துடும், டப்பா பவுடருக்கு காசு கொட்ட வேணாம். இனி பெரிய கேள்வி. ஏறலாமான்னா, ஏறாதீங்க. இதோட நிறுத்திடலாம்தான், ஆனா பாக்ஸிங் ஆளுங்கள இருவது வருஷமா ரிங் பக்கத்துல டார்ச்சும் கையுமா உக்காந்து பாத்தவன் நான், "சரி டாக்டர், ஏறல டாக்டர்"னு தலைய ஆட்டிட்டு மறுநாள் கைல பேண்டேஜ் சுத்திக்கிட்டு நிப்பீங்க, அதனால காரணத்தோட சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நீங்க ரெண்டு பேர எடுத்துக்காட்டா சொன்னீங்க, ரெண்டும் உங்க கேஸுக்கு ஒட்டவே ஒட்டாது. ஃபோர்மேன் 1994 நவம்பர்ல ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரர பத்தாவது ரவுண்டுல சாச்சார், வயசு 45, கரெக்ட். ஆனா அன்னிக்கு வெயிட் அதிகம் யாருக்கு? ஃபோர்மேனுக்கு. அவர் 113 கிலோ, மூரர் 100 சொச்சம். அதுவும் அந்த குத்து விழற வரைக்கும் பாயிண்ட்ல ஃபோர்மேன் பின்னாடிதான் இருந்தார், ஒம்பது ரவுண்டு வாங்கிக்கிட்டே இருந்து ஒரு ரைட் ஹேண்ட்ல முடிச்சார். உங்க மேட்ச்ல அந்த ஃபோர்மேன் இடத்துல நிக்கப் போறது அந்த 98 கிலோ பையன், நீங்க இல்ல. டைசன் கதையும் அப்படித்தான், 2024 நவம்பர்ல யூடியூபர் ஜேக் பாலோட ஏறினப்போ ரெண்டு பேரும் கிட்டத்தட்ட 103 கிலோ, கிளவுஸ் 14 அவுன்ஸ், ரவுண்டுக்கு ரெண்டே நிமிஷம், அத்தன சலுகை குடுத்தும் எட்டு ரவுண்டுல டைசன் அடிச்சு ஒழுங்கா பட்டது வெறும் 18 குத்து. உங்களுக்கு மூணு நிமிஷம் வச்சிருக்காங்க. கிளவுஸ் எத்தன அவுன்ஸ்னு நீங்க எழுதவே இல்ல, கமிட்டிய கேட்டீங்களா?

நீங்க சொல்லாத ஒரு பேரு நான் சொல்றேன், ஏன்னா எத்தன கிலோ ஏத்தலாம்னு கேட்டிருக்கீங்களே, அந்த கேள்விக்கு பதில் அவர்கிட்டதான் இருக்கு. ராய் ஜோன்ஸ் ஜூனியர். 79 கிலோ சாம்பியன், கிட்டத்தட்ட உங்க இப்போதய வெயிட். 2003 மார்ச்ல 34 வயசுல 87 கிலோ வரைக்கும் ஏத்திக்கிட்டு 102 கிலோ ஜான் ரூயிஸ்ஸோட ஏறி பாயிண்ட்ல ஜெயிச்சார், மிடில்வெயிட் சாம்பியனா இருந்த ஒருத்தர் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினது 106 வருஷத்துக்கு அப்புறம் அதான் மொத தடவ, நானெல்லாம் டிவி முன்னாடி எந்திரிச்சு நின்னு கை தட்டினவன். அப்புறம் ஏத்தின உடம்ப எறக்கி பழைய வெயிட்டுக்கே வந்தார். 2004 மே மாசம் டார்வர்கிட்ட ரெண்டாவது ரவுண்டுல ஒரே அடில அவுட், அதே வருஷம் செப்டம்பர்ல க்ளென் ஜான்சன்கிட்ட ஒம்பதாவது ரவுண்டுல விழுந்தவர் பல நிமிஷம் எந்திரிக்கவே இல்ல. அதுக்கு முன்னாடி அவர யாரும் நாக் அவுட் பண்ணதே இல்ல, பழைய வீடியோ பாருங்க, கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு ஆடுவார். ஏத்தி எறக்கினதுதான் காரணமா, வயசுதான் காரணமான்னு பாக்ஸிங்காரங்க இன்னிக்கும் சண்ட போடுவாங்க, எனக்கு ரெண்டும்தான்னு படுது. 34 வயசுல கூட ஆளுங்கள வச்சு, காச கொட்டி செஞ்ச உடம்புக்கே அந்த கதி. 44 வயசுல ரெண்டு மாசத்துல நெஜமான சதை ஏறினா ஒரு கிலோ, ரொம்ப மிஞ்சினா ரெண்டு, மீதி எல்லாம் தண்ணியும் கொழுப்பும்தான், அத தூக்கிக்கிட்டு ரிங்ல ஓடப் போறது உங்க முட்டிதான்.

19 கிலோ வித்தியாசம்னா குத்து பலமா இருக்கும்னு மட்டும் நெனைக்காதீங்க. குத்துக்குக்கூட நீங்க விலகிடுவீங்க, உங்க கண்ணு அப்படி. கிளிஞ்ச்ல என்ன ஆகும்னு யோசிங்க. பையன் முட்டாளா இருந்தாலும் அவன் கோச் முட்டாளா இருக்க மாட்டான், மொத ரவுண்டுலயே உங்கள கட்டிப் பிடிச்சு கழுத்து மேல முழங்கைய போட்டு மொத்த வெயிட்டயும் சாய்ப்பான். மூட்ட தூக்குறவங்கள பாத்திருப்பீங்க ஹார்பர்ல, மூட்ட அசையாம முதுகுல உக்காந்தா தூக்கிடலாம், அதே மூட்ட உங்கள புடிச்சு தள்ளிக்கிட்டே இருந்தா? ரெண்டு ரவுண்டு அப்படி தாங்கினா மூணாவதுல தொட நடுங்கும், கால் செத்துடும், கால் செத்தா தல நகராது, தல நகரலன்னா மீதி மூணு ரவுண்டும் உங்க தலதான் பஞ்ச் பேக். இதெல்லாம் உங்க பசங்களுக்கு நீங்களே சொல்லித் தரதுதானே.

பாக்ஸிங் சங்கம் நடத்துற போட்டின்னா உங்கள ஏத்தவே மாட்டாங்க, எலீட்னு சொல்ற பெரியவங்க பிரிவுல 40க்கு மேல கெடையாது, ஆறு தடவ உலக சாம்பியன் ஆன மேரி கோமுக்கே அதான் ரூலு. வெயிட்லயும் நீங்க உங்க காலத்து கணக்குல 81, அவன் 91க்கு மேல, நடுவுல ஒரு முழு பிரிவே இருக்கு. இந்த ரூலெல்லாம் யாரோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதினது இல்ல, ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒரு ஆஸ்பத்திரி பெட் இருக்கு. ஷோ மேட்ச்னு பேரு வச்சா இந்த ரூல் ஒண்ணுமே வேணாம், அவ்ளோதான் வித்தியாசம். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஹோலிஃபீல்டு 58 வயசுல ஏறினப்போ கலிஃபோர்னியால அனுமதி தரமாட்டாங்கன்னு ஷோவயே ஃப்ளோரிடாவுக்கு மாத்தினாங்க, 2021 செப்டம்பர்ல, அங்க அனுமதி கெடச்சுது, மொத ரவுண்டுலயே முடிஞ்சுது.

இப்ப உங்க கடுதாசில எனக்கு தூக்கிவாரிப் போட்ட வரிக்கு வரேன். பிபி சுகர் நடுவுல, ஏதோ சளி புடிச்ச மாதிரி போற போக்குல எழுதிட்டீங்க. ஸ்பாரிங்ல ஒண்ணு வாங்கினேன், மூணு நாள் தலைவலி, நாலாம் நாள் திரும்ப கிளவுஸ். மாஸ்டர், அது சாதா தலைவலி கெடையாது, அதுக்குப் பேரு கன்கஷன், மூள உள்ளுக்குள்ள குலுங்கி அடிபட்டுடுச்சுன்னு அர்த்தம். அமெச்சூர் ரூல்ல தல அடில ஒரு ஆட்டம் நின்னாலே கொறஞ்சது 30 நாள் ஸ்பாரிங்கே கூடாது, மூணு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவன்னா 90 நாள். நீங்க குடுத்த ரெஸ்ட் மூணு நாள். ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருக்கீங்க, அன்னிக்கு ஆகல, அவ்ளோதான் சொல்ல முடியும்.

வயசாச்சுன்னா என்ன ஆகுதுன்னு பச்சையா சொல்றேன். இளந்தேங்காய ஆட்டிப் பாருங்க, பருப்பு ஓட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், சத்தமே வராது. அதே தேங்கா காஞ்சு கொப்பரை ஆனப்புறம் ஆட்டினா உள்ள லொடலொடன்னு உருளும். நாப்பதுக்கு மேல மூள கொஞ்சங் கொஞ்சமா சுருங்குது, மண்ட ஓட்டுக்கும் அதுக்கும் நடுவுல எடம் கூடுது, அந்த எடத்த தாண்டி மேல போற மெல்லிசான ரத்தக் குழாய்ங்க இழுத்துக் கட்டின மாதிரி நிக்குது. பல வருஷம் அடி வாங்கின தலைக்கு இது இன்னும் சீக்கிரம் வரலாம். அந்தக் குழாய்ல ஒண்ணு அறுந்தா ரத்தம் சன்னமா கசியும், உடனே மயங்கி விழணும்னு இல்ல, ரிங்ல இருந்து எறங்கி, போட்டோ எடுத்து, பிரியாணி சாப்ட்டு, வீட்டுக்குப் போய் படுத்தப்புறம்கூட வேலைய காட்டும். 2025 ஆகஸ்ட்ல ஜப்பான்ல ஒரே நாள் ஒரே ஹால்ல ஆடின ரெண்டு பேரு இப்படி மூள ரத்தக் கசிவுல செத்துட்டாங்க, ரெண்டு பேருக்கும் வயசு 28, ரெண்டு பேரும் தன் தன் வெயிட்ல ஆடினவங்க.

ஹெட்கார்டு போட்டுக்கலாம்னு கமிட்டி சொல்லும். புருவம் கிழியாம இருக்க அது நல்லது. தேங்காய்க்கு மேல துண்ட சுத்தினா உள்ள உருள்றது நிக்குமா?

எனக்கு நேர்ல நடந்தது ஒண்ணு, ஊரும் பேரும் வேணாம். ஒரு டோர்னமெண்ட்ல ரிங்சைட் டாக்டர் நான். 23 வயசு பையன், மூணாவது ரவுண்டுல நல்லா ரெண்டு வாங்கினான், ஆனா விழல, திரும்ப அடிச்சு ஜெயிச்சுட்டான். கைய தூக்கிக் காமிச்சாங்க, கூட்டம் தோள்ல தூக்கிச்சு. அரமணி நேரம் கழிச்சு பாத்ரூம் பக்கம் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தான், கேட்டா வெறும் வயித்துல டீ குடிச்சேன் சார்ன்றான். டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு கண்ணு பாவ பெருசு, ஒண்ணு சின்னது. ஆம்புலன்ஸ் எங்கன்னு கத்துறேன், வண்டி நிக்குது, டிரைவர காணோம், சிலிண்டர் காலி. கடைசில ஒருத்தர் கார்ல போட்டுக்கிட்டுப் போனோம், ஆபரேஷன் ஆச்சு, பொழச்சான். இன்னிக்கும் வலது கைல சட்ட பட்டன் போட முடியாது அவனுக்கு. அந்த மேட்ச்ல தோத்தவன் நாக் டவுன் ஆகி எட்டு எண்ணி ஆட்டத்த நிறுத்தினதால மேற்கொண்டு அடி வாங்காம தப்பிச்சான், நல்லா இருக்கான், கல்யாணம்கூட ஆயிடுச்சு.

அதான் தலைப்புலயே சொன்னேன், நீங்க விழ மாட்டீங்க, அதான் என் பயமேன்னு. புதுப் பையன் ஒருத்தன் 98 கிலோ ஆள்கிட்ட ஒண்ணு வாங்கினா பொத்துனு விழுவான், ரெஃபரி நிறுத்திடுவார், கத முடிஞ்சுது. உங்களுக்கு 25 வருஷமா உடம்பு கத்துக்கிட்டது விழாம நிக்கறது. கண்ணு இருட்டினாலும் கால் தானா நிக்கும், கை தானா மேல வரும், அந்த ரோஷம்தான் உங்களுக்கு ரெண்டு கோல்டு வாங்கிக் குடுத்துச்சு, இந்த மேட்ச்ல அதே ரோஷம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் இன்னும் இருவது குத்து கூட வாங்க வைக்கும்.

முகமது அலி நம்ம ஊருக்கு வந்தது உங்க அப்பா சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1980 தொடக்கத்துல, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்ஸோட எக்ஸிபிஷன் ஆடினார், வட சென்னைல பாதி ஜனம் அன்னிக்கு அங்கதான் இருந்துச்சுன்னு எங்க ஆஸ்பத்திரி பழைய வார்டு பாய் ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பார். ரிட்டயர்டுனு சொல்லிக்கிட்டு ஜாலியா ஆடின மனுஷன், வயசு 38. அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸ்ல லேரி ஹோம்ஸோட ஏறிட்டார். ஹோம்ஸ் யாரு, ஒரு காலத்துல அலிகிட்டயே ஸ்பாரிங் பார்ட்னரா இருந்தவர். ஏறறதுக்கு முன்னாடி மேயோ கிளினிக்ல செக்கப் நடந்துச்சு, ரிப்போர்ட்ல எல்லாம் எழுதித்தான் இருந்துச்சு, கண்ண மூடி விரலால மூக்க தொடச் சொன்னா லேசா தவறுது, ஒத்தக் கால்ல குதிக்கச் சொன்னா எதிர்பாத்த சுறுசுறுப்பு இல்லன்னு. படிச்சுட்டு லைசென்ஸும் குடுத்துட்டாங்க. வெயிட்ட கொறைக்கிறேன்னு தைராய்டு மாத்திரை வேற, பாக்க பழைய அலி மாதிரி சிக்குனு இருந்தார், உள்ள ஒண்ணும் இல்ல. பத்து ரவுண்டு வாங்கினார் மாஸ்டர், ஒரு தடவகூட கீழ விழல. அடிச்ச ஹோம்ஸே அழுதார் அப்புறம். 1984ல பார்கின்சன் வியாதின்னு சொன்னாங்க, குத்து வாங்கினதுதான் முழு காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, டாக்டருங்களுக்குள்ளயே வாதம் இருக்கு, ஆனா அந்த பத்து ரவுண்டு அவருக்கு நல்லது செஞ்சுதுன்னு சொல்ற டாக்டர் ஒருத்தர நான் பாத்ததில்ல.

அந்த மேட்ச நிறுத்தினது யாருன்னு பாருங்க. ரெஃபரியும் நிறுத்தல, அலியும் நிறுத்தல, கார்னர்ல இருந்த அவர் ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டீ போதும்னுட்டார். கூட இருந்த இன்னொருத்தர் இன்னும் ஒரு ரவுண்டுனு அவர் ஸ்வெட்டர புடிச்சு இழுக்கிறார், அப்பவும் மசியல. உங்க கார்னர்ல யார் நிப்பா? உங்க ஸ்டூடெண்ட்ஸ்தானே. வாத்தியாரே வாத்தியாரேன்னு கால தொட்டு கிளவுஸ் மாட்டுற பசங்க, அவங்கள்ல எவன் உங்களுக்காக டவல தூக்கிப் போடுவான்? போட்டா அடுத்த நாள் அவன் மூஞ்சிய பாப்பீங்களா நீங்க? அவனுக்கும் அது தெரியும், அதனால நீங்க நாலாவது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்து ஒளர்னாக்கூட தண்ணிய மூஞ்சில அடிச்சு திரும்ப அனுப்பிடுவான்.

காசு விஷயம். ஒன்றரை லட்சம் பெருசுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஃபீஸ் கட்ட வேண்டிய அப்பனுக்கு உபதேசம் பண்ற யோக்கியத எனக்கு இல்ல. ஆனா கமிட்டிகிட்ட ஒண்ணு கேளுங்க, தலைல அடிபட்டா பில்லு யாரு கட்டுவாங்கன்னு எழுத்துல தருவீங்களான்னு. தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல ஒரு வாரத்துலயே அந்த ஒன்றரை லட்சம் கரைஞ்சிடும். உங்ககிட்ட இன்ஷூரன்ஸ் இருந்தா அந்த சின்ன எழுத்த எடுத்துப் படிங்க, காசு வாங்கிக்கிட்டு ஆபத்தான விளையாட்டு ஆடினா கெடையாதுன்னு நெறய பாலிசில ஒரு வரி இருக்கும். அப்புறம் கமிட்டிக்கு உண்மையில வேண்டியது உங்க பேரு, போஸ்டர்ல உங்க போட்டோ. உங்க மண்ட இல்ல. அத வச்சுப் பேசுங்க. உங்க வயசுல உங்க வெயிட்ல பழைய ஆளு ஒருத்தர், அந்தக் காலத்துல உங்களுக்கு எதிர் கோஷ்டில ஆடினவரு யாராவது இருப்பாரு, அவரோட 16 அவுன்ஸ் கிளவுஸ்ல ரெண்டு நிமிஷம் மூணு ரவுண்டு, தல அடி கெடையாது, டெக்னிக் காட்டுற ஆட்டம்னு வைக்கச் சொல்லுங்க, அதுவும் நான் சொல்ற டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு சரின்னு வந்தாத்தான். அந்த 98 கிலோ தம்பிக்கு 95 கிலோல உங்க ஆளு ஒருத்தன் இருந்தா அவன ஏத்திட்டு நீங்க கார்னர்ல நில்லுங்க. ஒன்றரை லட்சம் வராது, அம்பதாயிரம் வந்தா சரி, மீதிக்கு வேற வழி பாக்கலாம், அதுக்கு ஒரு ட்ரஸ்ட் பத்தி நேர்ல வந்தா சொல்றேன்.

ஷோ நடக்குதோ இல்லயோ, செய்ய வேண்டியது இது. ஸ்பாரிங் இன்னியோட ஸ்டாப், பேட் புடிங்க, கயிறு குதிங்க, பசங்களுக்கு சொல்லித் தாங்க, தலைல மட்டும் எதுவும் படக்கூடாது. மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கணும், சி.டி. எடுத்து ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னு வராதீங்க, பழைய சின்னச் சின்ன காயமெல்லாம் அதுல தெரியாம போகலாம். கண்ணு டாக்டர்கிட்ட ரெட்டினா, இதயத்துக்கு எக்கோவும் ட்ரெட்மில்லும். உங்க ஏரியாவுலயே ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு, அங்கயே எல்லாம் பாத்துடலாம், ரொம்ப செலவும் ஆகாது. நடுவுல தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, பகல்ல தூக்கம் தூக்கமா வந்தாலோ, பேச்சு கொழறினாலோ மாத்திரைய போட்டுக்கிட்டு படுக்காதீங்க, 108க்கு போன் பண்ணிடுங்க.

ரிப்போர்ட்டோட வியாழக்கெழம சாயந்தரம் என் கிளினிக்குக்கு வாங்க, வரும்போது உங்க வீட்டம்மாவயும் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்கள திட்ட வைக்க இல்ல, நான் அவங்ககிட்ட ரெண்டு மூணு விஷயம் கேக்கணும். சாவிய எங்க வச்சேன்னு தேடறது அதிகமாயிருக்கா, ஒரே கதய திரும்பத் திரும்ப சொல்றீங்களா, முன்னாடி இல்லாத கோவம் இப்ப வருதா. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

வர்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு. தீபாவளி டைம்ல அடிச்சானே அந்தப் பையன், அவன்கிட்ட என்ன குத்து அது, லெஃப்ட்டா ரைட்டான்னு கேட்டுட்டு வாங்க. நீங்க எழுதல. ஜாப் எப்படி போட்டாங்க, ஹூக் எப்படி வந்துச்சுன்னு இருவது வருஷத்து மேட்ச்சகூட புட்டுப் புட்டு வைக்கிற ஆளுங்க நீங்க, அந்த ஒரு குத்த மட்டும் "ஒண்ணு வாங்கினேன்"னு விட்டுட்டீங்க. எழுத வேணாம்னு விட்டீங்களா, ஞாபகம் இல்லயான்னு எனக்குத் தெரியணும்.